ரிப்போர்ட்டோடு சனலுக்குப் போகிறவர்களுக்கு: அன்று இரவே அட்வான்ஸ் கட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பின்னேரங்களில் சனல் பண்ணி, அதாவது தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி நம்பர் எடுத்து, ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, கையில் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, வயதான அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு. டொக்டரின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் இதில் இல்லை. தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். யாரிடம் போனாலும் நீங்கள் எப்படிக் கவனமாக இருக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த டொக்டர் சொன்ன வருத்தம் அம்மாவுக்கு உண்மையாகவே இருந்தது. இல்லாத நோயைச் சொன்னார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. இருந்தாலும் அவர் அதைச் சொன்ன விதத்தாலும், சொல்லாமல் விட்டவற்றாலும், எங்கள் வீடு பதினொரு நாள் பட்ட பாட்டை இன்னொரு வீடு படக் கூடாது.

அம்மாவுக்கு 63 வயது. கழுத்தில் வலது பக்கம் ஒரு சின்னக் கட்டி இருப்பதை ஒரு கலியாண வீட்டுப் படத்தில்தான் தங்கச்சி கண்டுபிடித்தாள். நோவில்லை, விழுங்கக் கஷ்டமில்லை. ஸ்கான் எடுத்தோம்: கழுத்தின் முன்பக்கம் இருக்கிற தைரொய்ட் சுரப்பியில் 2.3 சென்ரிமீற்றர் கட்டி. ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்த அன்றே சனல் பண்ணினோம். 5.30க்கு வரச் சொன்னார்கள், எங்கள் நம்பர் 31. உள்ளே போகும்போது இரவு 9.10.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நேரம் மிச்சம் பிடிக்க அடுத்த இரண்டு மூன்று நம்பர்களையும் அறைக்குள்ளேயே ஒரு வாங்கில் இருத்திவிடுவார்கள். நாங்கள் டொக்டருக்கு முன்னால் இருக்கும்போது 32ஆம், 33ஆம் நம்பர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். 33ஆம் நம்பர் எங்கள் ஊர் ஆள், அம்மாவோடு கோயிலில் பழக்கம்.

டொக்டர் ரிப்போர்ட்டை எடுத்தார். அந்த நேரம் போன் வந்தது. காதில் வைத்தபடியே கார் ரயர் விலை பற்றிக் கதைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இவவுக்குக் கான்சர். தைரொய்ட்டை முழுக்க எடுக்க வேணும். வாற வெள்ளி செய்யலாம். வெளியில கவுண்டரில அட்வான்ஸைக் கட்டுங்கோ" என்றார். அம்மா அவருக்கு இரண்டு அடி தூரத்தில் இருக்கிறார். "இவவுக்கு" என்று என்னிடம்தான் சொன்னார்.

அம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, பிறகு பாட ஏலுமோ? நான் கோயில்ல தேவாரம் பாடுறனான்" என்று கேட்டார்.

"உயிரோட இருக்கிறதைப் பாருங்கோ அம்மா" என்றுவிட்டு மணியை அழுத்தினார். 32ஆம் நம்பர் எழும்பி வந்துவிட்டார். நான் வேறென்ன கேட்டிருக்க முடியும்? நாலு நிமிடம்கூட இல்லை.

வெளியில் கவுண்டர்ப் பிள்ளை முழுச் செலவு நாலரை லட்சம் வரும் என்றும், இன்றைக்கே 50,000 கட்டினால்தான் வெள்ளிக்கிழமைக்குத் தியேட்டர் பிடிக்கலாம் என்றும் சொன்னது. நான் கார்டைக் கொடுத்தேன். கான்சர் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி கேட்கும் மூளை நமக்கு இருக்காது. நான் செய்த பெரிய பிழை அதுதான்.

ஓட்டோவில் வரும்போது அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கதைத்தார். "சாமான் அறையில குத்தரிசி கிடக்கு. வண்டு விழப் போகுது, நீ எடுத்துப் பாவி."

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர முன்னமே பக்கத்து வீட்டு மாமிக்கு விஷயம் தெரிந்திருந்தது. 33ஆம் நம்பரைக் குறை சொல்ல மாட்டேன். பதறிப்போய் யாரிடமாவது சொல்லியிருப்பார். ஆனால் அம்மாவின் வருத்தத்தை யாருக்கு எப்போது சொல்வது என்பது அம்மா முடிவு செய்ய வேண்டியது. அந்த உரிமையை அந்த வாங்கு பறித்துவிட்டது.

அடுத்த நாள் விடிய அம்மா நகைப்பெட்டியை எடுத்து எனக்கும் தங்கச்சிக்கும் என்று இரண்டு பங்காகப் பிரித்து வைத்திருந்தார். கனடாவிலிருந்து அண்ணா இரவிரவாகப் போன் எடுத்து, "பலாலியால ஏத்திச் சென்னைக்குக் கொண்டு போ, காசு நான் அனுப்புறன்" என்றார். பெரியம்மா கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கிற கான்சர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று நின்றார். இவ்வளவுக்கும் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை இங்கே தெல்லிப்பழையிலேயே இருக்கிறது. பயம் பிடித்தால் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். அம்மாவின் கோப்பையும் எவர்சில்வர் ரம்ளரும் குசினித் தட்டில் இல்லை. தேடிப் பார்த்தால் பின்பக்க யன்னல் கட்டில், ஒரு துணியால் மூடி, தனியாக வைத்திருந்தார். தானே கழுவி, தானே வைத்து, அதில் மட்டுமே சாப்பிட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, தொற்றிவிடும் என்று பயம். தங்கச்சியின் மகனைத் தூக்குவதையும் விட்டிருந்தார். கான்சர் தொற்றாது என்று ஒரு வசனம் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த ரம்ளரை யன்னல் கட்டில் கண்டதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

எங்களைக் காப்பாற்றியவள் என்னோடு படித்த ஒரு நண்பி. அவள் டொக்டர், வேறு மாவட்டத்தில் வேலை. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் முதலில் கேட்டது, "அதில எத்தனையாம் வகை எண்டு போட்டிருக்கு?" என்று. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தைரொய்ட் ஊசிச் சோதனையின் முடிவைப் பெதஸ்டா முறை என்று ஒன்றின்படி ஆறு வகையாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டு என்றால் ஆபத்தில்லாத கட்டி. ஆறு என்றால் புற்றுநோய். அம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்தது ஐந்து, அதாவது பப்பிலரி வகைப் புற்றுநோய் என்ற பலத்த சந்தேகம். ஐந்து என்று வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கட்டியை எடுத்துச் சோதித்த பிறகு புற்றுநோய் இல்லை என்று வருமாம். "கான்சர்தான்" என்று அந்த இடத்தில் அடித்துச் சொல்வதற்கு அந்தக் கடதாசி இடம் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், பப்பிலரி என்பது தைரொய்ட் புற்றுநோய்களில் மிகக் கூடுதலாக வருவது, பெரும்பாலும் மெதுவாக வளர்வது, நன்றாகக் குணமாகக்கூடியது. தைரொய்ட்டைத் தாண்டிப் பரவ முன்னம் பிடிபட்டால் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறவர்கள் 100க்கு 99 அளவில் என்று அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. வெள்ளிக்கிழமையே வெட்டாவிட்டால் ஆள் போய்விடும் என்கிற வருத்தம் இல்லை இது. சில கிழமை எடுத்து, விசாரித்து, யோசித்துச் செய்ய நேரம் இருந்தது. அந்த நேரம் இருக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, கவுண்டரில் அதற்கு மாறாகச் சொன்னார்கள்.

நண்பி சொல்லித்தான் பன்னிரண்டாம் நாள் அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். காலை ஆறு மணிக்கே நம்பர் எடுக்க வரிசை. அங்கும் சனம், சத்தம், வாங்கில் இடமில்லை. ஆனால் முறை வந்ததும் அந்த சத்திரசிகிச்சை டொக்டர், ஒரு பெண், நேர்ஸ் மிஸ்ஸியிடம் சொல்லிக் கதவைச் சாத்த வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கதிரையை அம்மாவின் பக்கம் திருப்பி, "அம்மா, இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்கினம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் அம்மா பன்னிரண்டு நாளில் முதல்தரம் அழுதார். டொக்டர் காத்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் விரலையே எடுத்து அவருடைய கழுத்தில் வைத்து, "எச்சிலை விழுங்குங்கோ, மேல கீழ போகுது பாருங்கோ, இதுதான்" என்று காட்டினார். ரம்ளர் கதையை நான் சொன்னேன். "ஐயோ, போன உடன அதைக் குசினிக்குள்ள எடுத்து வையுங்கோ. பேரனையும் தூக்குங்கோ" என்றார்.

குரலைப் பற்றி அம்மா கேட்க முன்னமே அவரே சொன்னார். தைரொய்ட்டுக்குப் பின்னால் குரல்நாண்களுக்குப் போகிற நரம்பு ஒட்டி ஓடுகிறது. அதைக் கண்டு விலக்கிக் காப்பாற்றுவதுதான் இந்த ஒப்பரேசனில் கவனமான வேலை. மேல் ஸ்தாயியைப் பிடிக்க உதவுகிற இன்னொரு மெல்லிய நரம்பும் இருக்கிறது. அது பாதிக்கப்பட்டால் சாதாரணமாகக் கதைக்கலாம், உச்சத்தில் பாடுவது கஷ்டமாகலாம். அதனால் முதலில் தொண்டைப் பகுதி டொக்டரிடம் அனுப்பிக் குரல்நாண் அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் செய்வோம் என்றார். "ஒண்டும் ஆகாது எண்டு சத்தியம் பண்ண மாட்டன் அம்மா. ஆனா நீங்கள் பாடுறவ எண்டதைக் கொப்பியில எழுதி வைக்கிறன்." எழுதியும் வைத்தார், கிளினிக் கொப்பியில் நான் பார்த்தேன்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. கட்டி நாலு சென்ரிமீற்றருக்குக் குறைவாக, ஒரு பக்கத்தில் மட்டும், பரவாமல் இருந்தால் அந்தப் பக்கப் பாதியை மட்டும் எடுப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். அமெரிக்கத் தைரொய்ட் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலிலேயே அது இருக்கிறதாம். முழுவதையும் எடுத்தால் வாழ்நாள் முழுக்கத் தைரொக்சின் என்ற ஹோர்மோன் குளிசை, காலையில் வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம் முன்னம். கல்சியத்தைப் பார்த்துக்கொள்கிற சின்னச் சுரப்பிகளுக்கும் ஆபத்துக் கூட. சிலருக்கு முழுவதையும் எடுப்பதுதான் சரி, அதை நான் பிழை என்று சொல்லவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்பதை முதல் டொக்டர் வாய் திறந்து சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

ஐந்து கிழமை கழித்து ஒப்பரேசன் நடந்தது. வலது பாதியை மட்டும் எடுத்தார்கள். பயொப்சியில் பப்பிலரி என்று உறுதியானது, தைரொய்ட்டுக்கு வெளியே பரவவில்லை. கட்டணம் என்று ஒரு ரூபாகூடக் கட்டவில்லை.

இனிக் காசுக் கதை. முதல் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை ஒப்பரேசனை வேண்டாம் என்று வியாழக்கிழமை காலையிலேயே சொன்னோம். கட்டிய 50,000இல் 12,000ஐ "நிர்வாகச் செலவு" என்று கழித்தார்கள். ரிசீற்றில் அப்படி ஒரு வரியும் இல்லை. மிச்சம் 38,000 கைக்கு வர மூன்று கிழமையும் நாலு நடையும் பிடித்தது. ஒவ்வொரு முறையும் "கணக்குப் பகுதி ஆள் இல்லை".

ஆகவே நான் கேட்டுக்கொள்வது: ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்த உடனே உள்ளே போக முன்னம் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் சில இடங்களில் ஃபைலுக்குள் போனால் திரும்ப வாங்குவது பாடு. அறைக்குள் வேறு ஆட்கள் இருந்தால், "டொக்டர், கொஞ்சம் தனியாக் கதைக்கலாமோ" என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள். கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். நான் அன்று எழுதியிருந்தால் மூன்று கேள்வியாவது கேட்டிருப்பேன்: இது உறுதியா, சந்தேகமா? எத்தனை நாள் யோசிக்கலாம்? வேறு வழி இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் ஊசிச் சோதனைக்கு எடுத்த கண்ணாடித் தட்டுகளை இன்னொரு நோயியல் டொக்டரிடம் காட்டி இரண்டாம் முறை வாசிப்பிக்கலாம். அட்வான்ஸ் கட்டத்தான் வேண்டும் என்றால், ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை ரிசீற்றிலேயே எழுதி வாங்குங்கள். இன்னொன்று, வருத்தக்காரர் பக்கத்தில் இருக்கும்போது டொக்டர் உங்களைப் பார்த்துக் கதைத்தால், "அம்மாட்டயே சொல்லுங்கோ" என்று சொல்லுங்கள்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு டொக்டர்மாருக்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஸ்பைக்ஸ் என்று பெயர், 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது, ஆறு படி. தனியான இடத்தில் இருத்துவதுதான் முதல் படி, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது இரண்டாம் படி. நண்பி இதைச் சொன்னபோதுதான் எனக்குப் பெரியாஸ்பத்திரி டொக்டரின் முதல் கேள்வி விளங்கியது. அவருக்கும் அன்று வெளியில் நூறு பேர் நின்றார்கள். நேரமில்லை என்ற காரணத்தை நான் இனி ஏற்கத் தயாரில்லை.

12,000 பற்றியும் அறைக்குள் ஆட்களை இருத்துவது பற்றியும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தேன். முகாமையாளர் போனில் வருத்தம் தெரிவித்தார். எழுத்தில் தாருங்கள் என்றேன், இன்னும் வரவில்லை. தனியார் ஆஸ்பத்திரிகளைக் கண்காணிக்க 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொழும்பில் ஒரு சபை இருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் கடிதத்தின் பிரதியையும் ரிசீற்றையும் அங்கே அனுப்பப் போகிறேன்.

அம்மாவுக்கு ஒன்றரை மாதம் குரல் கரகரத்தது. இப்போது கதைப்பதில் ஒரு வித்தியாசமும் இல்லை, உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் உடைகிறது. போன திருவெம்பாவைக்கு விடிய நாலரைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். சுருதியைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பாடினார். 33ஆம் நம்பர் அன்ரி பக்கத்தில் நின்று சேர்ந்து பாடினா.