35 வயதுக்கு முன்

நியூ ஜேர்சியில் மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் உதைபந்தாட்ட அணியில் இறங்க ஒரு படிவம் வேண்டும். டொக்டர் உடலைச் சோதித்து, இவன் விளையாடலாம் என்று கையெழுத்துப் போட்ட படிவம். அதற்கு ஆயுள் 365 நாள். ஊருக்குப் புறப்படுகிற பரபரப்பில் அதை நான் கவனிக்கவில்லை. மானிப்பாயில் பெரியம்மா வீட்டில் புட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பள்ளித் தாதியின் மின்னஞ்சல் வந்தது. பழையது காலாவதியாகப் போகிறதாம். ஆகஸ்ட் நடுப்பகுதியில் பயிற்சி தொடங்கும்போது புதியது இல்லாவிட்டால் பிள்ளை ஓரத்தில்தான் உட்கார வேண்டுமாம்.

இங்கேயே செய்துவிடலாம் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் டொக்டருக்கா பஞ்சம்?

தனியார் வைத்தியசாலை ஒன்றில் சனல் பண்ணினோம், அதாவது டொக்டரைப் பார்க்க முன்பதிவு செய்தோம். வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை மகனின் தமிழைக் கேட்டதும் வெளிநாடு என்று கண்டுகொண்டார். உடனே ஒரு வண்ணத் தாளை எடுத்து நீட்டினார்: முழு உடல் பரிசோதனை, இரத்தம், ஈரல், கொழுப்பு, வயிற்று ஸ்கான். பதினாறு வயதுப் பையனுக்கு ஈரலில் என்ன தேட வேண்டும்? வேண்டாம் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தரை என்று நேரம் சொன்னார்கள். டொக்டர் பெரியாஸ்பத்திரி வேலை முடித்து வரும்போது ஏழரை. எங்கள் துண்டு பதினான்காம் இலக்கம்.

உள்ளே போனால் அறை, அறை இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. பதினைந்தாம் இலக்கக்காரர் உள்ளே ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மாவும் கூடவே வந்து ஒரே ஒரு கதிரையில் அமர்ந்துவிட்டார். அமெரிக்காவில் இந்த வயதுப் பிள்ளையைச் சோதிக்கும்போது பெற்றோரைச் சற்று வெளியே அனுப்பிவிட்டு, புகைக்கிறாயா, மனம் சோர்ந்திருக்கிறதா, தசை வளர்க்கும் மாவு ஏதாவது குடிக்கிறாயா என்று தனியாகக் கேட்பார்கள். அது நல்ல முறை. இங்கே அதற்கு வழியே இல்லை. மகனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் பெரியம்மாவே பதில் சொன்னார், அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பது உட்பட.

டொக்டர் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு சிரித்தார். "நான் சோதிக்கிறேன். ஆனால் என் கையெழுத்து அங்கே செல்லாது. பாருங்கள், விளையாட்டு வீரர்களின் இதயத்தைச் சோதிப்பது பற்றிய பயிற்சியை முடித்தவர் என்று உறுதிப்படுத்தக் கேட்டிருக்கிறார்கள்." நியூ ஜேர்சியில் 2013இல் வந்த சட்டம் அது. இத்தனை வருடமாகப் படிவம் கொண்டு திரிந்த எனக்கு அந்த வரி கண்ணில் பட்டதில்லை. 1847இல் மாசச்சூசெற்சிலிருந்து வந்து, இதே மானிப்பாயில் எங்கள் ஆட்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அங்கிருந்து வந்த கையெழுத்து இங்கே செல்லுபடியானது. இங்கிருந்து போவதுதான் செல்லாது.

"செல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாருங்கள்" என்றேன். அந்த இருபது நிமிடத்தைப் போல ஒரு சோதனையை மகனுக்கு யாரும் செய்ததில்லை. அங்கே கடைத்தொகுதி கிளினிக்கில் உயரம், நிறை, பிரஷர், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் இரண்டு இடத்தில் வைத்து எடுத்தல், கையெழுத்து, அடுத்தவர்.

இவர் மிஸியிடம், அதாவது தாதியிடம், தையல்காரர் வைத்திருப்பது போன்ற நாடாவை வாங்கி, மகனின் இரு கைகளையும் விரிக்கச் சொல்லி, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்தார். உயரத்தைவிட அது நன்றாகக் கூடியிருந்தால் மாஃபான் என்ற நிலையைச் சந்தேகிக்க வேண்டுமாம். அது இருப்பவர்களுக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி விரிந்து கிழியக்கூடும். "கொக்கு மாதிரி வளர்ந்திருக்கிறான்" என்று பெரியம்மா வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு மருத்துவப் பொருளும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டுகள் வீங்கியதுண்டா என்றும் கேட்டார். வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும், எங்கள் பக்கத்தில் அதை மறக்கக்கூடாது என்றார்.

பிறகு குந்தி எழும்பச் சொன்னார். மகன் விழித்தான். "பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவாயே, அதுதான்" என்றேன். குந்தியிருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் நெஞ்சைக் கேட்டார். இதயத் தசை தடித்து இரத்தம் வெளியேறும் வழி நெருங்கியிருந்தால், எழும்போது இரைச்சல் கூடும், குந்தும்போது குறையும். கருவி எதுவும் வேண்டாம்; காதும் பொறுமையும் போதும்.

இனித்தான் விஷயம். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: குடும்பத்தில் யாராவது 35 வயதுக்கு முன் இதய நோயால், அல்லது காரணம் தெரியாமல் திடீரென்று இறந்ததுண்டா? நான்கு வருடமாக அதற்கு 'இல்லை' என்று நான்தான் அடையாளமிட்டு வந்தேன். உண்மையில் அந்தக் கேள்வியை நான் வாசிக்கவே மறுத்தேன் என்று சொல்லலாம். எங்கள் குடும்பங்களில் 35க்கு முன் இறந்தவர்களை எண்ணப் போனால் படிவத்தில் இடம் போதுமா?

டொக்டருக்கு அது புரிந்திருந்தது. "ஷெல்லையும் குண்டையும் விடுங்கள்" என்றார் மெதுவாக. "சும்மா இருந்தவர், ஓடியவர், குளித்தவர், திடீரென்று விழுந்தவர். தண்ணீரில் போனவர்களும் இந்தக் கணக்கில் சேரும்."

நான் இல்லை என்று தலையாட்டுவதற்குள் பெரியம்மா பேசினார். "என் தம்பி கேணியில் போனான். 1979. பத்தொன்பது வயது. மீன் மாதிரி நீந்துவான். குதித்தவன் எழும்பவில்லை. முனி அடித்துவிட்டது என்றார்கள்."

எனக்கு அந்த மாமாவைத் தெரியும், சுவரில் மாலை போட்ட படமாக. நீந்தத் தெரியாமல் போனார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னேற்றம் பெறுவதற்கு எடுக்கும் நேரம் சிலருக்குப் பிறவியிலேயே நீளம். நன்றாக நீந்துகிறவர்கள் தண்ணீரில் மயங்கி மூழ்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமாவுக்கு அதுதான் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் இரண்டு தரம் சொன்னார். மகனுக்கு ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ரப்பர் உருண்டைகள் ஒட்டியதும் அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "நீங்களும் படுங்கள், அம்மா வழி உங்களைத் தாண்டித்தானே வர வேண்டும்" என்றார் டொக்டர். தாளில் அளவுகோல் வைத்து அவரே கணக்குப் பார்த்தார். இருவருக்கும் எல்லைக்குள்தான். ஆனால் சிலருக்கு ஈசிஜி சாதாரணமாகவே காட்டும் என்பதால், அங்கே இதய மருத்துவரிடம் ஓட்டப் பரிசோதனை செய்யச் சொன்னார். முந்தைய வாரம் வாந்திக்குப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுத்த டொம்பெரிடோனையும் நிறுத்தச் சொன்னார். இதயம் மின்னேற்றம் பெறும் அந்த நேரத்தை நீட்டக்கூடிய மருந்துகளில் அதுவும் ஒன்றாம். மொத்தச் செலவு ஐம்பது டொலரைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு உறைத்தது பெரியம்மாவின் பேத்தி. பள்ளி மரதன் ஓடுகிறவள். இலங்கையில் பள்ளி மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும். நான் படித்த காலத்தில் வரிசையில் நிறுத்தி நாக்கையும் பல்லையும் கண்ணையும் பார்ப்பார்கள். ஆனால் மரதனுக்கு அவள் கொண்டுபோனது வீட்டார் கையெழுத்திட்ட ஒரு கடிதம் மட்டுந்தான். அதே இரத்தம், படிவந்தான் இல்லை. அடுத்த கிழமை பெரியம்மா இரண்டு துண்டு எடுத்தார், அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எழுபத்தெட்டு வயதில் தனக்கு எதற்கு என்று மிஸி கேட்டதற்கு, "நான் அவனுடைய அக்கா" என்றாராம்.

நியூ ஜேர்சி திரும்பி அதே கடைத்தொகுதி கிளினிக்குக்குப் போனோம். இந்த முறை 'ஆம்' என்று அடையாளமிட்டேன். கையெழுத்துப் போட எடுத்த பேனா அப்படியே நின்றது. இதய மருத்துவரைப் பார்த்த பிறகுதான் என்றார்கள்; கிடைத்த திகதி ஆறு வாரம் தள்ளி, பருவம் பாதி முடிந்துவிடும். அணிச் சட்டையோடு ஓரத்தில் உட்கார்ந்து பந்து பொறுக்கிக் கொடுக்கிறான் மகன். என்னோடு அதிகம் பேசுவதில்லை. நான்கு வருடம் 'இல்லை' என்று போட்டீர்களே, இந்த வருடமும் போட்டிருக்கலாமே என்று ஒரு தடவை கேட்டான்.

ஞாயிறுதோறும் பெரியம்மா அழைக்கிறார். பேத்தியின் ஈசிஜியைக் கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாராம். "தம்பியை விளையாட விட்டார்களா?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை, பெரியம்மா.