உப்புவெளிப் பக்கத்தில் பழைய லாண்ட் ரோவருக்கு ஒரு கராஜ்

1979ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் சீரிஸ் 3 ஒன்றைத் திருகோணமலையில் வைத்திருப்பவருக்கு எதிரி இயந்திரமன்று, கடற்காற்றுத்தான். உடல் அலுமினியமென்பதால் வெளித்தோற்றம் ஏமாற்றும்; கீழே உருக்குச் சட்டகம் உள்ளிருந்தே உக்கிக்கொண்டிருக்கும், இரண்டு உலோகங்களும் தொடும் இடங்களில் உப்பீரம் சேர்ந்து அலுமினியமும் வெண்பொடியாக உதிரும்.

நான் வண்டியைக் கொடுத்த சிறிய கராஜின் பாஸ், பின் குறுக்குச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டார். ஓசை மந்தமான இடத்தில் திருப்புளியை அழுத்தியபோது அது கைப்பிடிவரை உள்ளே போனது. மேலே தகடு ஒட்டி மறைக்காமல், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி அகற்றி, புதிய துண்டு பொருத்தி, உட்குழிவில் மெழுகுக் கலவையும் பீய்ச்சினார். வெல்டிங்குக்கு முன் எரிபொருள் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்ததைக் கண்டபோதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பெரிய சில்லுகள் போடும் என் ஆசையை அவர் ஊக்குவிக்கவில்லை. 2,286 கன சென்டிமீற்றர் இயந்திரம் ஏற்றத்தில் திணறும், ஏற்கெனவே பலவீனமான பின் அச்சுத்தண்டுகள் முறியும் என்றார். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன அறிவுரை அது.

குறைகளும் உண்டு. இரண்டு வாரம் என்றது ஏழு வாரமாயிற்று. பற்றுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. முன்சில்லு திரும்ப இடமளிக்கும் உருண்டைப் பாகமான திருப்புக் கோளம் துருவால் குழி விழுந்திருக்க, அதை மாற்றாமல் எண்ணெயை அடைக்கும் புதிய சீல் மட்டும் போட்டார்கள். நிலாவெளிக்குப் போய் வருவதற்குள் எண்ணெய் மீண்டும் கசிந்தது.