பீஸ் லில்லியா, ஆந்தூரியமா, ஸ்னேக் பிளான்ட்டா: பெங்களூரு ஃபிளாட்டுக்கு எது?

எங்கள் ஹால் ஜன்னல் வடக்குப் பார்த்தது. பத்தடி தள்ளி அடுத்த அபார்ட்மென்ட் சுவர். ஹொரமாவு பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான். நேர் வெயில் கிடையாது. பகலில் விளக்குப் போடாமல் பேப்பர் படிக்கலாம், அவ்வளவுதான். அந்த மூலையில் இந்த மூன்று செடிகளையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். நர்சரியில் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: “நிழல்ல வரும் சார்.” வரும்தான். ஆனால் இந்த ஊரில் எது நிலைக்கும் என்பதை வெளிச்சத்தைவிட, உங்கள் குழாயில் வரும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

பீஸ் லில்லிக்குப் பெயரில்தான் லில்லி. உண்மையில் அது சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். கொலம்பியா, வெனிசுவேலா காடுகளில் பெரிய மரங்களின் அடியில் ஈரத்தில் வளர்வது. வெள்ளையாக விரிவது இதழ் அல்ல, தாழம்பூவுக்கு இருப்பதுபோன்ற மடல். நடுவில் நிற்கும் கதிரில் பொடிப்பொடியாக இருப்பவைதான் பூக்கள்.

இந்தச் செடியிடம் எனக்குப் பிடித்தது, தாகத்தை மறைக்காது. மண் காய்ந்தால் மொத்தமாகச் சாய்ந்துவிடும். மேல் வீட்டு அக்கா ஒருநாள் பார்த்துவிட்டு, “செடி செத்துப்போச்சேப்பா!” என்றார். “இல்லக்கா, சாயங்காலம் வந்து பாருங்க” என்று தண்ணீர் விட்டேன். சில மணி நேரத்தில் நிமிர்ந்து நின்றது. ஆனால் மண் ஈரமாக இருக்கும்போதே சாய்ந்தால் அது தாகமில்லை, வேர் அழுகல். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதை ஒரு செடியை இழந்துதான் கற்றேன். 2024 கோடையில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது எங்களுக்கு டேங்கரில் போர்வெல் தண்ணீர்தான் வந்தது. கொஞ்ச நாளில் இலை நுனியெல்லாம் பழுப்பாகிக் கருகியது. வெயிலுக்குக் காய்கிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். வேர் அழுகிப் போய்விட்டது. காரணம் உப்பு. குக்கர் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் தொட்டி மண்ணிலும் சேர்கிறது. பீஸ் லில்லிக்கு உப்பும் குளோரினும் ஃபுளோரைடும் ஒத்துக்கொள்ளாது. காவிரித் தண்ணீரைப் பக்கெட்டில் ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் குறையும். போர்வெல் உப்பு அப்படிப் போகாது. அதனால் மழைக்காலத்தில் பால்கனியில் பக்கெட் வைத்துவிடுகிறேன். மற்ற நாளில் ஆர்.ஓ.வில் வடிந்த குடிநீர். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுநீரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள், அதில்தான் உப்பு அதிகம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டி வழிய வழிய ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட்டால் சேர்ந்த உப்பும் கழுவிப்போகும்.

இன்னொன்று. வாங்கும்போது ஐந்தாறு பூவோடு இருந்தது, வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகப் பூக்கவில்லை என்று பலர் வருந்துகிறார்கள். தவறு உங்கள் மேல் இல்லாமலும் இருக்கலாம். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்துப் பூக்க வைப்பதுண்டு. ஜன்னலுக்கு இன்னும் இரண்டடி அருகில் நகர்த்திவிட்டுப் பொறுத்திருங்கள்.

ஆந்தூரியமும் இதே குடும்பம்தான். சிவப்பு மடல் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். அழகில் பீஸ் லில்லியை மிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். வேரில் காற்றும் ஓட வேண்டும், சாதாரணத் தோட்டமண்ணில் மூச்சு முட்டிவிடும். தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, கொஞ்சம் மண்புழு உரம் கலந்து நட்டால் பிழைக்கும். எங்கள் வடக்கு மூலையில் எட்டு மாதம் ஒரு பூகூட விடவில்லை. கிழக்குப் பார்த்த பால்கனி உள்ள தங்கை வீட்டுக்குக் கொடுத்தேன், அங்கே பூத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்னேக் பிளான்ட் நம் மருள் செடிக்கு உறவு. மருள் நாரில் வில்லுக்கு நாண் திரித்த காலம் உண்டு. அந்த உறுதி இதற்கும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தண்ணீர் போதும், டேங்கர் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் அதிக தண்ணீரால் அழுகினால், அடி கொழகொழவென்று ஆகும்வரை நமக்குத் தெரியாது.

காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்காக எதையும் வாங்க வேண்டாம். செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று காட்டிய 1989 நாசா சோதனை மூடிய பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் இயல்பாக வந்துபோகும் காற்றுக்கு ஈடாக வேண்டுமானால் தரையில் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவை என்று 2019இல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

குழந்தையோ பூனையோ இருந்தால் மூன்றையும் உயரத்தில் வையுங்கள். சரியாக வேகாத சேப்பங்கிழங்கு தொண்டையை அரிக்குமே, அந்தக் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் பீஸ் லில்லியிலும் ஆந்தூரியத்திலும். ஸ்னேக் பிளான்ட்டை மென்றாலும் வயிற்றைப் புரட்டும்.

போர்வெல் தண்ணீர் மட்டுமே உள்ள வீடு, மாதத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும் வீடு என்றால் ஸ்னேக் பிளான்ட். காலை வெயில் விழும் பால்கனிக்கு ஆந்தூரியம். தினமும் யாராவது இருக்கிற, ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்க முடிகிற வீட்டுக்கு என் ஓட்டு பீஸ் லில்லிக்கே. பொங்கலுக்குச் சேலம் போகும்போது எங்களுடையதை மேல் வீட்டு அக்காவிடம் விட்டுப்போகிறேன். மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட அவருக்கும் இப்போது பழகிவிட்டது.