இலை வண்ண அட்டை: ஒரு பிசானம் பயன்படுத்திப் பார்த்த பின்

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் நான், சென்ற பிசானப் பருவத்தில் நடவு முடிந்த 14ஆம் நாள் முதல் கதிர் வெளிவரும் வரை, பயிருக்கு யூரியா தேவையா என்று இலையின் நிறத்தைக் கொண்டு அறிய உதவும் இந்த அட்டையோடு வாரம் ஒரு முறை வயலில் இறங்கினேன். வெளிர் மஞ்சட்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு நிறங்கள் கொண்ட பிளாஸ்டிக் பட்டை இது. நெல் இலையின் நரம்பைப் போன்ற வரிகளும் அதில் உண்டு. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், நம் உடலின் நிழலில், முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை நிறங்களோடு ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் ஆறோ அதற்கு மேலோ நான்காம் நிறத்தைவிட வெளிறியிருந்தால்தான் யூரியா இட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரக நெல்லுக்கு மூன்றாம் நிறமே அளவு.

பக்கத்து வயல்களில் மேலுரம் விழுந்த வாரத்தில் என் பயிர் நான்காம் நிறத்துக்குக் குறையாமல் நின்றது. மனம் கேட்காமல் மறுநாளும் இறங்கிப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. அறுவடை வரை ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா மிச்சமானது, மகசூலும் குறையவில்லை.

45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் பணக்கணக்கில் இது பெரிய மிச்சமில்லை. ஆனால் அந்த மூட்டையில் 46 சதவீதம், அதாவது ஏறத்தாழ 21 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்). இட்டதில் பாதிக்கும் குறைவாகவே பயிர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி காற்றில் போக, இன்னொரு பகுதி வடிகால் வழியே தாமிரபரணியில் சேர்ந்து, ஸ்ரீவைகுண்டம் அணையைக் கடந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறது. ஆழம் குறைந்த கரையோரக் கடலில் இந்தச் சத்து மிகும்போது நுண்பாசி பெருகி நீர் கலங்குகிறது. கடற்புல்லின் இலைமீதும் பாசி படர்ந்து, வெளிச்சம் கிடைக்காமல் புல் நலிகிறது. பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயு தீர்ந்துபோகிறது. அந்தப் புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கும், அதனுள் ஒதுங்கி வளரும் இறால் குஞ்சுகளுக்கும் வேறு புகலிடம் ஏது? உரம் மட்டுமே காரணமில்லை, ஊர்ச் சாக்கடையும் இதே ஆற்றில்தான் கலக்கிறது. ஆயினும் என் மடையிலிருந்து வடிவது என் பொறுப்பு.

குறைகளும் உண்டு. இலை மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் நிற்கும்போது முடிவெடுக்கத் தடுமாற வேண்டியிருக்கிறது. மணிச்சத்து, சாம்பல் சத்துக் குறைபாட்டை இது காட்டாது. எனக்குக் கிடைத்த அட்டையில் விளக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், வேலைக்கு வருகிறவர்களும் படிக்கும்படி தமிழில் எழுதிப் பின்புறம் ஒட்டினேன். நூறு ரூபாய்க்கும் குறைவான இந்த அட்டை, யூரியா விற்கும் கடைகளிலேயே கிடைக்க வேண்டும். நான் தேடிய மூன்று கடைகளிலும் இல்லை. வரும் கார்ப் பருவத்துக்கு வெளியூரிலிருந்து இரண்டு வரவழைத்திருக்கிறேன். ஒன்று பக்கத்து வயல் அண்ணாச்சிக்கு.