சுயமேற்கோளை எண்ணிப் பார்த்த ஆறு ஆண்டுகள்

2019 ஆகஸ்டில் நேச்சர் இதழ், ஏறத்தாழ ஒரு இலட்சம் ஆய்வாளர்களின் பட்டியலை அலசி, அவர்களுள் குறைந்தது 250 பேர் பெற்ற மேற்கோள்களில் (ஒரு கட்டுரையை மற்றொரு கட்டுரை சான்றாகச் சுட்டுவது) பாதிக்கு மேல் அவர்களோ அவர்களுடைய இணையாசிரியர்களோ கொடுத்த சுயமேற்கோள்கள் என்று எழுதியது. பட்டியலில் இருந்தோரின் சுயமேற்கோள் விகிதத்தின் இடைநிலை அளவு 12.7 விழுக்காடு. நன்னீர் நண்டுகளின் வகைப்பாட்டில் வேலை செய்யும் எனக்கு அது வயிற்றைக் கலக்கியது. அன்றிலிருந்து ஆண்டுக்கு இருமுறை மூன்று கருவிகளில் என் கணக்கைப் பார்த்துக் குறித்து வருகிறேன்.

அதிகம் பயன்பட்டது ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம்தான். ஓர் ஆசிரியருடைய சுயமேற்கோளை மட்டும் நீக்கலாம்; கட்டுரையின் எல்லா ஆசிரியர்களுடையதையும் சேர்த்தும் நீக்கலாம். முதல் முறையில் 9ஆக இருந்த என் எச்-இன்டெக்ஸ் (எச் முறையாவது சுட்டப்பட்ட கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் உள்ளன என்ற அளவு) 8ஆனது, இரண்டாவதில் 6. மாணவர்கள் தனியே எழுதிய கட்டுரைகளில் எங்கள் கூட்டுக் கட்டுரைகளைச் சுட்டியிருந்ததே இதற்குக் காரணம் என்பது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே விளங்கியது. இன்னொரு சிக்கல் நம் பெயர்களுக்கே உரியது. இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறி அச்சான என் பழைய கட்டுரைகள் இரண்டு, வேறோர் ஆசிரியர் எண்ணின்கீழ்க் கிடந்ததால், அவற்றில் நான் என்னையே சுட்டியவை பிறர் சுட்டியவையாக நெடுநாள் எண்ணப்பட்டிருந்தன. திருத்தம் கோரி ஒன்றாக்கியதும் சுயமேற்கோள் நீங்கலான எண் குறைந்தது.

இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸின் அறிக்கையில் சுயமேற்கோள் நீங்கலாக என்று காட்டப்படும் எண், நாம் தேடியெடுத்த தொகுப்புக்குள் உள்ள கட்டுரைகளிலிருந்து வந்தவற்றை மட்டுமே கழிக்கிறது. என் பெயர் இல்லாத மாணவர் கட்டுரை அங்கே அயலார் மேற்கோள்தான். பதவி உயர்வுக்கு இந்த எண்ணைக் காட்டுவோர் ஏன் அதிகம் என்பது எனக்கு வியப்பாக இல்லை. கூகுள் ஸ்காலரில் கழிக்கும் வசதியே இல்லை. யார் சுட்டினார்கள் என்று தேட மட்டும் வைத்திருக்கிறேன்.

அளப்பதைவிடக் கட்டுப்படுத்துவதே கடினம். புதிய சிற்றினத்தை விவரிக்கும்போது அதன் பேரினத்தைப் பற்றிய முந்தைய விவரிப்புகளைச் சுட்டியே ஆக வேண்டும். அவற்றை எழுதியவர் நானாக இருந்தால் வேறு வழியில்லை. விலங்கு வகைப்பாட்டின் பெரிய இதழான ஸூடாக்ஸாவை, மிகுதியான இதழ்ச் சுயமேற்கோளை (ஓர் இதழின் கட்டுரைகள் அதே இதழைச் சுட்டுவது) காரணம் காட்டி 2020இல் வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம், இதழ்களை மேற்கோள் சராசரியால் அளக்கும் தன் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து நிறுத்தி, வகைப்பாட்டியலாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு மீண்டும் சேர்த்ததும் இந்தக் குழப்பத்தால்தான். எனவே விழுக்காட்டை நான் இலக்காக வைப்பதில்லை. அனுப்புமுன் என்னுடைய ஒவ்வொரு மேற்கோளையும் நீக்கிப் பார்த்து, வாக்கியம் ஆதாரமின்றி நின்றால் மட்டும் திரும்பச் சேர்க்கிறேன். சென்ற கையெழுத்துப் படியில் பதினொன்று இப்படி ஏழானது. முன்னுரையின் முதல் பத்தியில் இருந்த நான்கும் வெறும் பழக்கத்தால் வந்தவை.

ஆண்டறிக்கையில் இப்போது சுயமேற்கோள் சேர்த்தும் நீக்கியும் வரும் இரண்டு எண்களையும், எந்தக் கருவி, எந்தத் தேர்வு, எந்தத் தேதி என்பதையும் எழுதுகிறேன். படிவத்தில் எச்-இன்டெக்ஸுக்கு இருப்பது ஒரே கட்டம் என்பதால், மீதியெல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் நிற்கிறது.