வீடியோ காலில் 30 பேர்: வினாடி வினாவா, பொருள் வேட்டையா?

கூட்டம் பெரிதானால் நாலு பேர் பேச, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதை மாற்றத்தான் விளையாட்டு.

தயாரிப்பு: வினாடி வினாவுக்குக் கேள்விகளை முன்கூட்டியே எழுத வேண்டும். பொருள் வேட்டைக்கு, அதாவது சொன்னதை வீட்டில் தேடி எடுத்துவந்து கேமராவில் காட்டும் விளையாட்டுக்கு, ஒரு சிறு பட்டியல் போதும்: "சிவப்பாக ஒன்று", "உங்களைவிட வயதான ஒன்று".

நேரம்: ஜூம் இலவசக் கணக்கில் 100 பேர் சேரலாம், ஆனால் 40 நிமிடம்தான். வேட்டை அதற்குள் அடங்கும். வினாடி வினா என்றால் 15 கேள்வியோடு நிறுத்துங்கள்.

கலகலப்பு: சந்தேகமே இல்லை, வேட்டைதான். மூச்சிரைக்க ஓடிவந்து காட்டும் பொருளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். அதைச் சொல்ல விடுங்கள்; புள்ளிக்கணக்கு அப்புறம். வினாடி வினாவில் பதிலைத் தட்டிவிட்டு மௌனமாக இருக்கலாம், கூச்சப்படுபவர்களுக்கு அதுவே வசதி.

நெட் மெதுவாக இருப்பவர்களும் கேமரா போடாதவர்களும் அதிகமா? வினாடி வினா. குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பமா? வேட்டை. நடக்கச் சிரமப்படுபவரை நடுவராக்குங்கள்.