முதல் நிமிடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' டிவிடி

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், ஸ்பீக்கர் விற்கிற கடைகளில் ஏறினால் ஒரே பாட்டுதான். மார்த்தாண்டத்தில் அசெம்பிள் செட் செய்து கொடுக்கிறவரும் அதைத்தான் போடுவார், பாறசாலையில் ஹோம் தியேட்டர் விற்கிற சேட்டனும் அதைத்தான் போடுவார். கித்தார் கொஞ்ச நேரம் தனியாக வாசிக்கும், கூட்டம் கைதட்டும், அப்புறம் அடிவயிற்றில் 'டம்' என்று ஒன்று விழும். "பாஸ் எப்படி எறங்குது பாத்தியளா மக்களே!" என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். நாம் தலையாட்டியதும் பாட்டை நிறுத்திவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஈகிள்ஸ் என்கிற அமெரிக்க ராக் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா', 'ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்' டிவிடியில் இருக்கிற 1994ஆம் வருட மேடை வடிவம் அது. வளைகுடாவில் இருந்து வந்தவர்களின் பெட்டிகளில் செட்டோடு சேர்ந்து வந்த டிஸ்க்குகளில் இதுவும் ஒன்று. எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் பாட்டே கேட்காதவர்களுக்கும் முதல் ஒரு நிமிடம் மனப்பாடம். கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்டவர்களைத்தான் தேட வேண்டும். கோயில் கொடை, சர்ச் பெருநாள், கல்யாணம் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் மைக்செட் போடுகிறவன் நான். எனக்கு இது ரொம்ப நாளாக இருக்கிற மனத்தாங்கல்.

பாட்டு பிறந்தது மலிபு கடற்கரையில் ஒரு வாடகை வீட்டில். குழுவின் கித்தார்காரர் டான் ஃபெல்டர், நாலு டிராக் டேப் ரெக்கார்டரில் ஒரு மெட்டைப் பதிந்து, மற்ற டியூன்களோடு கேசட்டில் போட்டுக் கொடுத்தார். ஜமைக்காவின் ரெகே தாளம் கொஞ்சம், ஸ்பானிஷ் வாடை கொஞ்சம். அதனால் ஆரம்பத்தில் அதற்கு 'மெக்சிகன் ரெகே' என்றுதான் பெயர். வரிகளை எழுதியவர்கள் குழுவின் பாடகர்கள் டான் ஹென்லியும் கிளென் ஃப்ரையும். இன்னொரு கித்தார்காரர் ஜோ வால்ஷ் அப்போதுதான் குழுவில் சேர்ந்திருந்தார். அவரோடு மாறி மாறி வாசிக்க வேண்டும் என்று மனதில் வைத்தே முடிவில் இரண்டு கித்தாருக்கும் இடம் விட்டு ஃபெல்டர் மெட்டுப் போட்டிருந்தார். மூல மெட்டு ஈ மைனர் சுருதியில் இருந்தது. ஹென்லியின் குரலுக்கு அது சரிப்படாமல் பி மைனருக்கு மாற்றினார்கள். கித்தார் படிக்கிற பிள்ளைகள் ஏழாவது கட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டிக்கொண்டு வாசிப்பதற்குக் காரணம் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை மயாமி ஸ்டுடியோவில் நடந்தது. முடிவில் வரும் சோலோவுக்கு, அதாவது கித்தார் தனி வாசிப்புக்கு, ஃபெல்டரும் வால்ஷும் தோன்றியபடி வாசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஹென்லி நிறுத்திவிட்டார். டெமோ கேசட்டில் எப்படி இருந்ததோ அதே மாதிரிதான் வேண்டும் என்று பிடிவாதம். ஃபெல்டருக்கோ, பதிந்து ஒரு வருடம் போல ஆகிவிட்டதால், என்ன வாசித்தோம் என்பதே நினைவில்லை. கேசட் கிடப்பது கலிஃபோர்னியாவில், வீட்டில். வீட்டு வேலைக்கார அம்மாவுக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடி எடுத்து, டேப்பில் ஓடவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ரிசீவரைப் பிடிக்கச் சொன்னாராம். அந்தப் போன் சத்தத்தைப் பதிந்து, தன் சோலோவைத் தானே பாடம் படித்திருக்கிறார். உலகம் முழுக்கக் கித்தார் வகுப்புகளில் ஒரு சுரம் தப்பாமல் படிக்கிற அந்த வாசிப்பு டெலிபோன் கம்பி வழியாக வந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நாங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கேபிள் மாற்றுகிறோம்!

ஆல்பம் 1976 டிசம்பரில் வந்தது. பாட்டின் நீளம் ஆறரை நிமிடம். ரேடியோவுக்குத் தக்கபடி வெட்டித் தரச் சொன்னது கம்பெனி. தனிப்பாட்டாக வெளியிட இது தோதில்லை என்று ஃபெல்டரே சொல்லியிருக்கிறார். ஹென்லி அசையவில்லை. 1977 மே மாதம் அமெரிக்காவில் முதலிடம்.

இனி மேடைக்கு வருவோம். 1977 மார்ச்சில் மேரிலாண்டில் உள்ள கேப்பிடல் சென்டரில் வாசித்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஃபெல்டர் கையில் வெள்ளை நிற இரட்டைக் கழுத்து கிப்சன். மேல் கழுத்தில் பன்னிரண்டு கம்பி, கீழ்க் கழுத்தில் ஆறு. பாட்டு முழுக்க மேலே வாசித்துவிட்டு சோலோவுக்குக் கீழே இறங்குவார். ஹென்லி டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுவார். அடிக்கிறவனுக்கு மைக் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

1980 ஜூலையில் லாங் பீச் மேடையில் ஃப்ரையும் ஃபெல்டரும் பாட்டுக்கு நடுவே, நிகழ்ச்சி முடியட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்தார்கள். குழு அதோடு உடைந்தது. அதே வருடம் வந்த 'ஈகிள்ஸ் லைவ்' ஆல்பத்துக்கு ஒட்டுவேலை செய்யக்கூட ஒரே ஸ்டுடியோவில் உட்கார முடியவில்லை. ஒரு தரப்பு லாஸ் ஏஞ்சலீஸ், ஒரு தரப்பு மயாமி, டேப்புகள் கூரியரில் போய்வந்தன. மறுபடி எப்போது சேர்வீர்கள் என்று கேட்டதற்கு, நரகம் உறைந்து பனியாகும்போது என்று ஹென்லி சொன்னார். டிவிடியின் பெயர் அங்கிருந்து வந்தது.

1994 ஏப்ரலில் பர்பேங்கில் எம்டிவிக்காகச் சேர்ந்து வாசித்ததுதான் இந்த டிவிடி. நாங்கள் பிரியவே இல்லை, 14 வருடம் விடுமுறை எடுத்துக்கொண்டோம் என்று ஃப்ரை மேடையிலேயே ஜோக் அடிக்கிறார். இதில் எலெக்ட்ரிக் கித்தாரை ஓரம் வைத்துவிட்டு, நைலான் கம்பிக் கித்தாரில் ஃபெல்டர் ஒரு புது ஆலாபனையோடு ஆரம்பிக்கிறார். கடைக்காரர்கள் போடுகிற முதல் நிமிடம் அதுதான். எந்தப் பாட்டு என்று பிடிபடாமல் கூட்டம் காத்திருக்கும். பழகிய கார்டுகள் வந்ததும் ஒரு ஆரவாரம் கிளம்பும் பாருங்கள், முன்னும் பின்னும் உள்ள ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கிற டிடிஎஸ் டிராக்கில் அது நம் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும். பாஸைவிட எனக்கு அதுதான் பெரிய சோதனை. பின் ஸ்பீக்கர் மட்டமாக இருந்தால் கைதட்டல் மழைச் சத்தம் ஆகிவிடும்.

ஆனால் விஷயம் கடைசியில்தான் இருக்கிறது. பாட்டு வரிகள் முடிந்ததும் ஃபெல்டர் ஒரு அடி, வால்ஷ் ஒரு அடி என்று வாசிப்பார்கள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஓட்டம். திருவிழாவில் இரட்டை நாதஸ்வரக்காரர்கள் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, கடைசியில் இருவரும் ஒன்றாய் இழைவார்களே, அது மாதிரி. நைலான் கம்பியில் சுரம் நீண்டு நிற்காது. எலெக்ட்ரிக்கில் இழுத்து நிறுத்திய இடங்களை இங்கே விரல் வேகத்தால் நிரப்ப வேண்டும். இன்னொன்று, ஸ்டுடியோ பதிவில் பாட்டு முடிவதே இல்லை, மெல்ல மங்கிப் போய்விடும். மேடையில் முடித்தே ஆக வேண்டும். இதில் முடிக்கிற விதம் அழகு.

குறையும் உண்டு. 1977 மேடைப் பதிவில் இருக்கிற ஒரு பயமுறுத்தும் குணம் இதில் இல்லை. எல்லாம் வழவழ என்று, சண்டை போட்டவர்கள் கல்யாண வீட்டில் மரியாதையாக உட்கார்ந்திருப்பதை வீடியோ எடுத்தது போலத்தான். 2001இல் ஃபெல்டரைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள். 2004 மெல்போர்ன் நிகழ்ச்சியில் அவர் இடத்தில் ஸ்டூவர்ட் ஸ்மித் வாசிக்கிறார். தொடக்கத்தில் டிரம்பெட் வேறு. சுத்தமான வாசிப்பு, எனக்கு ஒட்டவில்லை.

வாங்குகிறவர்களுக்கு: சிடியைவிட டிவிடியே மேல், அட்டையில் டிடிஎஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் ஒருமுறை என் தலையில் கட்டிய நகல் டிஸ்க்கில் முத்திரை பளிச்சென்று இருந்தது, உள்ளே ஓடியது வெறும் ஸ்டீரியோ. அதனால் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. சப்வூஃபரைப் பாதிக்குக் கீழே வையுங்கள். கடையில் கூட்டிவைத்திருக்கிற அளவுக்கு வைத்தால் தாளமெல்லாம் ஒரே கொழகொழவென்று ஆகி, கித்தார் அடியில் போய்விடும். சிடிதான் கிடைத்தது என்றால், முதல் நாலு பாட்டும் அப்போது ஸ்டுடியோவில் புதிதாகப் பதிந்தவை. 'லேர்ன் டு பி ஸ்டில்' கேட்கலாம், 'கெட் ஓவர் இட்'டைத் தாண்டிவிடலாம். நம் பாட்டு ஆறாவது.